இருபத்தேழு குப்பிகள்

ரெக்சலினுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் ஹாஜரா சொன்னபோது, நான் முதலுதவி அறை வாசலில் ஐஸ் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். நெற்றியில் வைக்க ஐஸ் வேண்டும் என்று அவளுக்குத் துணையிருந்த செல்லக்கனி அக்கா கேட்டிருந்தாள். ஐஸ் உடைப்பது என் வேலை.

"ஊசி போட்டு ஒரு நாள் ஆச்சு," என்றார் டாக்டர். "காய்ச்சல் இறங்கியிருக்கணும். ஏறியிருக்கு. நூத்தி மூணு."

கட்டிலில் ரெக்சலின் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள். எந்த வலிக்கு எந்தக் கை என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. அவள் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஓரமாக இருக்கும் ஒன்பது இறால் ஷெட்டுகளில் எங்களுடையது நான்காவது. லாரிகள் ஆளில்லாமல் தாமாகவே வரும், பெட்டிகளைத் தாமாகவே இறக்கும். இறாலை மட்டும் இன்னும் பெண்கள்தான் உரிக்கிறார்கள். இயந்திரம் உரித்தால் வால் உடைந்துவிடுகிறது. வால் உடைந்த இறாலை வெளிநாட்டில் வாங்க மாட்டார்களாம். ஒரே ஷிப்டு, மொத்தம் இருபத்தேழு பேர். முழங்கால் வரை பூட்ஸ், இரட்டைக் கையுறை, ரப்பர் அங்கி. கழிப்பறை, லாரிகள் வந்து நிற்கும் முற்றத்துக்கு அந்தப் பக்கம். போட்டதையெல்லாம் கழற்றி, முற்றத்தைக் கடந்து, திரும்பி வந்து மறுபடி மாட்டிக்கொள்ள இருபது நிமிடம் ஆகும். அதனால் உரிக்கிறவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வந்தால் அடக்கிக்கொள்வார்கள். எரிச்சல் யாருக்காவது இருந்துகொண்டே இருந்தது. பல்வலி மாதிரி அதையும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

என் கதை வேறு. ஐஸ் மேடை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு ஒற்றைக் கையுறைதான். நான் நினைத்தபோது போகலாம், நினைத்தபோது குடிக்கலாம்.

பூட்டுச் சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் எல்லாக் கிருமிகளையும் ஒரே அடியில் கொல்லும் மருந்துகளை மிட்டாய் மாதிரி விழுங்கினோம். எங்கள் பக்கத்தில் அந்த மருந்துக்கு வாரிச்சுருட்டி என்று பெயர். நல்ல கிருமி, கெட்ட கிருமி எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். மிஞ்சிய கிருமிகள் அதற்குப் பழகிவிட்டன. பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் அரசாங்கம் வாரிச்சுருட்டியைப் பூட்டி வைத்தது. இப்போது அதைத் திறக்க இரண்டு கட்டைவிரல் வேண்டும். ஒன்று டாக்டருடையது, இன்னொன்று மாவட்ட அதிகாரியுடையது.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. தையல் மெஷின் அளவு இருக்கும். திங்கட்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு குப்பியில், ஒரு மூடி அளவு மூத்திரம் கொடுக்க வேண்டும். யாருக்காவது எரிச்சல், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஒரு குப்பி. பெட்டி ஒரு மருந்து தரும். அதற்குச் சாவி என்று பெயர்.

"அதிகாரி விரல் வெச்சுட்டாரு," என்று டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "வாரிச்சுருட்டி கிளம்பிருச்சு. பன்னெண்டு மணிக்கு இங்க இருக்கும். ஆனா எனக்குப் பயமா இருக்கு அக்கா. இந்தப் பொண்ணு சின்னதுல மூக்கு ஒழுகினாக்கூட அதைத்தான் குடிச்சிருக்கா. உள்ள இருக்கற கிருமிக்கு அது பழக்கமா இருந்தா? இதுவும் கேக்கலைன்னா என் கையில வேற ஒண்ணும் இல்ல."

"அந்தச் சாவி ஊசியவே இன்னொண்ணு போட்டா என்னம்மா?" என்றாள் செல்லக்கனி அக்கா. "எல்லாருக்கும் ஒரே ஊசிதான? போன மாசம் எனக்குப் போட்டீயளே, அதையே போடுங்க."

"ஒரே ஊசி இல்லக்கா. வெளிய பாக்கத்தான் ஒரே மாதிரி. ஒருத்தரோட மூத்திரத்துல என்ன கிருமி இருக்கோ, அதைப் பெட்டி படிக்கும். அந்தக் கிருமிய மட்டும் தேடித் தின்னற ஒரு வைரசை வளர்க்கும். அதுக்கு வேற எதையும் தின்னத் தெரியாது. பக்கத்துல அதோட அண்ணன் தம்பி கிருமி நின்னாக்கூடத் தொடாது. ரெக்சலினோட குப்பியில இருந்து செஞ்ச சாவி ரெக்சலினோட கிருமிக்கு மட்டும்தான்."

என் கையிலிருந்த ஐஸ் கூடை சரிந்தது.

ஏனென்றால் ரெக்சலினின் குப்பியை நிரப்பியது நான்.

ரெக்சலினின் குப்பி மட்டுமில்லை. பதினோரு மாதமாகத் திங்கட்கிழமை தோறும் இருபத்தேழு குப்பிகளையும் நான்தான் நிரப்பினேன். விடிந்ததும் ஒரு பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவேன். முதலில் ஒருத்திக்கு வரவில்லை என்று நிரப்பிக் கொடுத்தேன். அப்புறம் இன்னொருத்தி, முற்றத்தில் லாரிகளைப் பார்த்துக்கொள்கிற ஆண்கள் முன்னால் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக்கொண்டு நடக்க மாட்டேன் என்றாள். அப்புறம் எல்லோரும். எங்களுக்கு அது வருகைப் பதிவு மாதிரி. குப்பி நிரம்பியிருந்தால் போதும், யாருடையது என்று யார் பார்க்கிறார்கள்? நேற்றுக் காலையில் ரெக்சலின் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "வியாகுலக்கா, சொட்டுச் சொட்டா எரியுது, வர மாட்டேங்கு. எனக்கும் சேத்து ஊத்திருங்க" என்றாள். ஊற்றினேன். உதவி என்றுதான் நினைத்தேன்.

நான் திரும்பினேன். சூப்பர்வைசர் பொன்ராசு அண்ணாச்சி பின்னால் நின்றிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். குப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

"வாயத் திறக்காத," என்றார் மெதுவாக. "மருந்து வருதுல்லா. அது பாத்துக்கிடும். நீ சொன்னேன்னா உன் வேலை போயிரும், என் வேலையும் போயிரும். இருபத்தாறு பேரும் தன் குப்பின்னு கையெழுத்துப் போட்டிருக்காளுவ, அவளுவ கதி?"

"அந்த மருந்தும் கேக்கலைன்னா?"



எனக்குப் பேசவே வராது. கூட்டத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவளைச் சொல்லச் சொல்வேன். ஆனால் ரெக்சலின் அந்த நேரம் பார்த்து, "யம்மா" என்று முனகினாள். நான் உள்ளே போய் டாக்டரின் முன்னால் நின்றேன்.

"டாக்டர், அது அவ மூத்திரம் இல்ல. என்னோடது."

"எது?"

"நேத்து குப்பி. போன திங்கக்கிழமை குப்பி. எல்லாருக்க குப்பியும்."

செல்லக்கனி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் ஹாஜரா என்னையே பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"இருபத்தேழும் நீயா?"

"ஆமா."

"ஷெட்டு பூராவும் ஒரே கிருமி, அச்சு அசலா ஒரே கிருமின்னு மண்டைய உடைச்சேன். தண்ணியில இருந்து வருதோன்னு மூணு தடவ தொட்டியக் கழுவச் சொன்னேன்!"

"நல்லாத்தான் கழுவினோம்," என்றாள் செல்லக்கனி அக்கா பரிதாபமாக.

"பெட்டிக்கு ஆள் அடையாளம் தெரியாதா?" என்று வாசலிலிருந்து பொன்ராசு அண்ணாச்சி கேட்டார். இத்தனை நாள் அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும்.

"பாக்கக் கூடாதுன்னு சட்டம். முன்னால சில கம்பெனிங்க மூத்திரத்துல கர்ப்பம் தெரிஞ்சதும் பொண்ணுங்கள வீட்டுக்கு அனுப்புனாங்க. அதுக்காகப் போராடி வாங்குன சட்டம் அது. கிருமிய மட்டும்தான் அது படிக்கும், மனுசர இல்ல." டாக்டர் சட்டென்று நிறுத்தினார். அவர் முகம் மாறியது. பரீட்சையில் தேறிவிட்டோம் என்று தெரிந்த பிள்ளையின் முகம் மாதிரி ஆனது. "ஏய், அப்போ சாவி தோக்கல! புரியுதா உங்களுக்கு? கிருமி சாவிக்குப் பழகிருச்சு, இனி எல்லாம் முடிஞ்சதுன்னு நான் ராத்திரி பூரா அழுதேன். சாவி தோக்கல. நாம அதைத் தப்பான பூட்டுல போட்டிருக்கோம்!"

அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கோபமா சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

"மணி பத்து ஐம்பது," என்றார். "பெட்டிக்கு நாப்பது நிமிஷம் வேணும். பதினொண்ணு இருபதுக்குள்ள இவளோட சொந்த மூத்திரம் ஒரு மூடி அளவு எனக்கு வேணும். பன்னெண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் காக்க மாட்டேன். சாவி வந்தா சாவி. வரலைன்னா வாரிச்சுருட்டி. ரெக்சலின், கேக்குதாம்மா?"

"வராது டாக்டர்," என்றாள் ரெக்சலின். "நேத்துலருந்து முக்கிப் பாத்துட்டேன். எரிஞ்சு எரிஞ்சு நின்னுருது."

குழாய் போட்டு எடுக்கிற சாமான் அந்த அறையில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றேகால் மணி நேரம். டாக்டர் சலைனை வேகமாகத் திருப்பிவிட்டார். நான் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் கொடுத்தேன். செல்லக்கனி அக்கா கட்டிலைச் சுற்றிச் சேலையால் மறைப்புக் கட்டி, உள்ளே பேசினை வைத்தாள். பத்து நிமிடம் போனது. பேசின் காய்ந்தே கிடந்தது.

அதற்குள் செய்தி ஷெட்டுக்குள் போய்விட்டது. இறாலை மேசையில் போட்டபடியே பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பூட்ஸ் கால்கள் ஈரத்தில் தப்தப்பென்று அடிக்க, நடைவழி முழுவதும் நிறைந்தது.

"ஏளா, இறாலு நாறிப் போவும், எல்லாரும் உள்ள போங்க!" என்று அண்ணாச்சி கத்தினார்.

"நாறட்டும்," என்றது ஒரு குரல். "இங்க ஒரு உசுரு நாறுது."

"ரெக்சி, நல்லா மூச்ச விடுளா!"

"மாமியார நினைச்சுக்கோ, தானா வந்துரும்!"

மறைப்புக்குள்ளிருந்து ரெக்சலினின் குரல் வந்தது. "சிரிக்க வைக்காதீங்கட்டி, வலிக்கி."

பதினொன்று பன்னிரண்டு. டாக்டர் கதவில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது செல்லக்கனி அக்கா, நாலு பிள்ளை பெற்றவள், சேலை மறைப்புக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கைக்குழந்தையை ஒண்ணுக்குப் போக வைக்கிற மாதிரி, "ஷ்ஷ்ஷ்ஷ்" என்றாள்.

ஒரு நிமிடம் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் ஆரம்பித்தாள். "ஷ்ஷ்ஷ்ஷ்." அடுத்தவள். அதற்கடுத்தவள். நடைவழியில் இருந்த அத்தனை பேரும், கல்யாணமாகாதவர்கள்கூட, முழு அங்கியும் கையுறையுமாக நின்று ஒரே சத்தமாக, "ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்ஷ்." பெரிய மழை தகரக் கூரையில் இறங்குகிற மாதிரி இருந்தது. என் கைகளில் மயிர் சிலிர்த்தது. நானும் சேர்ந்துகொண்டேன். அத்தனை பேர் நடுவில் என் வாயிலிருந்து சத்தம் வந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். பொன்ராசு அண்ணாச்சி, இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, முற்றத்துக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அதன் கீழே ஒரு தகரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறைப்புக்குள்ளே ரெக்சலின் "ஏ மாதாவே!" என்று கத்தினாள்.

பேசினில் சத்தம் கேட்டது.

இருபத்தைந்து பெண்கள் போட்ட கூச்சலில் லாரியின் தானியங்கிக் கதவு பயந்து மூடிக்கொண்டது.

ஒரு மூடி அளவுக்குக் கொஞ்சம் மேல். கலங்கலாக, அடியில் தூளாக இருந்தது. டாக்டர் அதைத் தங்கத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் வைத்தார். மணி பதினொன்று பதினேழு.

பெட்டி முனகியது. பச்சை விளக்கு ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் ஷெட்டுக்குப் போகவில்லை. பன்னிரண்டுக்கு ஒன்பது நிமிடம் இருக்கும்போது திரையில் ஒரு பெயர் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத நீளமான பெயர். டாக்டர் மேசையை அறைந்தார்.

"வேற! இது வேற கிருமி! வியாகுலம், உன்னோடது சும்மா குடியிருக்கற சாது. இது ரவுடி!"

மூன்று நிமிடம் மிச்சமிருக்கும்போது பெட்டியின் அடியிலிருந்து சின்ன ஊசிக் குப்பி ஒன்று வழுக்கி வந்தது. டாக்டர் அதைச் சலைனில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே, முற்றத்தில் மருந்து வண்டி வந்து நின்றது. வாரிச்சுருட்டி, சிவப்புப் பூட்டோடு மேசைக்கு வந்தது. டாக்டர் தன் கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோனார். கடிகாரத்தைப் பார்த்தார். ரெக்சலினைப் பார்த்தார்.

"வண்டி ரெண்டு மணி வரைக்கும் இங்கயே நிக்கட்டும்," என்றார். "காய்ச்சல் ஒரு புள்ளி ஏறினாலும் திறந்துருவேன்."

ஏறவில்லை. ஒரு மணிக்கு நூற்று மூன்று. ஒன்றரைக்கு நூற்று இரண்டரை. இரண்டு மணிக்கு ரெக்சலின் வியர்த்துக் கொட்டி, "பசிக்கி" என்றாள். டாக்டர் சிவப்புப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலமே மாவட்ட ஆஸ்பத்திரியில் எட்டு நாள் குழந்தை ஒன்றுக்கு அது திறக்கப்பட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம். குழந்தை பிழைத்துக்கொண்டதாம்.

மறுநாள் இருபத்தேழு பேரும் சொந்தக் குப்பி கொடுத்தோம். பதினோரு விதமான கிருமிகள் வந்தன. டாக்டர் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பெயரையும் சிரித்துக்கொண்டே படித்தார். எரிச்சல் இருந்த எட்டுப் பேருக்கு எட்டுச் சாவி. எரிச்சல் இல்லாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. "சும்மா இருக்கறதச் சீண்டக் கூடாது" என்றார். முற்றத்தின் இந்தப் பக்கத்திலேயே கழிப்பறை கட்டாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று கம்பெனிக்கு எழுதினார். பெட்டி இல்லாத ஷெட்டின் இறாலைக் கப்பலில் ஏற்றச் சட்டம் விடாது. மூன்றே நாளில் செங்கல் வந்து இறங்கியது.

நான்காம் நாள் எனக்குக் கடிதம் வந்தது. அண்ணாச்சிதான் கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்க்காமல் ஐஸ் மேடையில் வைத்துவிட்டு, "நான் எவ்வளவோ சொன்னேன்மா" என்றார். பொய்க் குப்பி கொடுத்ததற்காக வேலைநீக்கம். மற்றவர்களுக்கு எச்சரிக்கை மட்டும். டாக்டர் சண்டை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. ரெக்சலின் ஒரு பாத்திரம் நிறையக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து, என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை. எனக்கு என்னவோ ஏதாவது வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

அன்று மாலையே டாக்டர் ஹாஜரா வந்தார். கையில் ஒரு திரைப் பலகை. அதில் கடற்கரையில் இருக்கிற ஒன்பது ஷெட்டுகளும் ஒன்பது கட்டங்களாகத் தெரிந்தன.

"இதைப் பாரு. போன வாரம் வரைக்கும் ஒவ்வொரு ஷெட்டுலயும் பெட்டி என்ன கிருமி கண்டுபிடிச்சிருக்குன்னு நிறம் போட்டிருக்கு. உங்க ஷெட்டு பச்சை. பக்கத்து ஷெட்டு முழுக்க மஞ்சள். அதுக்கடுத்தது முழுக்க நீலம். ஷெட்டுக்கு ஒரே நிறம். கூட்டமா வேலை செய்யற இடத்துல ஒரு கிருமி மத்த எல்லாத்தையும் துரத்திருதுன்னு நான் ஒரு கட்டுரை எழுதினேன். பெரிய ஊர்க்காரங்க எல்லாம் கைதட்டுனாங்க. பரிசு வேற குடுத்தாங்க."

நான் அந்த ஒன்பது கட்டங்களைப் பார்த்தேன். ஒன்பது நிறம்.

"டாக்டர்," என்றேன். "இது ஒன்பது கிருமி இல்ல. ஒன்பது பொம்பளைங்க."

அவர் பலகையைக் கீழே வைத்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"அதான் உன்னக் கூட்டிட்டுப் போக வந்தேன்," என்றார். "எனக்கு அவங்களக் கண்டுபிடிக்கத் தெரியாது."

மறுநாள் காலை மஞ்சள் ஷெட்டுக்குப் போனோம். இருபத்தைந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள். டாக்டர் சாவியைப் பற்றி, பூட்டைப் பற்றி, உண்மையைப் பற்றி அழகாகப் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள். வரிசையின் நடுவில் ஒரு சின்னப் பெண், பத்தொன்பது வயது இருக்கும், முழங்கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நின்றாள்.

நான் முன்னால் வந்தேன். "எங்க ஷெட்டுல நான்தான் நிரப்பினேன். இருபத்தேழும். இங்கன யாரு?"

முதல் மேசையில் நின்ற உயரமான ஒருத்தி கேட்டாள். "சொன்னா வேலைய விட்டு எடுத்துருவாவளா?"

இல்லை என்று சொல்ல டாக்டர் வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"என்னைய எடுத்துட்டாவ."

"பெறவு எதுக்குச் சொல்லச் சொல்லுதிய?"

அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தேன். உயரமானவளும் அவளைப் பார்த்தாள். பிறகு கையுறையை உருவி மேசையில் போட்டாள்.

"நான்தான்," என்றாள். "எரிச்சல மறைச்சு எங்கிட்ட குப்பியக் குடுத்தவ யார் யாருன்னு அவளுவளே சொல்லட்டும்."

வரிசையின் கடைசியில், இன்னொரு ஈரக் கையுறை உருவப்படும் சத்தம் கேட்டது.